ரசம் எந்தப் பக்கம்?

நிலைக்கண்ணாடியில் பேனா முனையை வைத்துப் பாருங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். ஒளியைத் திருப்பும் பூச்சு கண்ணாடியின் முதுகில் இருப்பதுதான் காரணம். அந்தப் பூச்சைத்தான் ரசம் என்கிறோம். முன்பு வெள்ளீயத் தகட்டில் பாதரசம் சேர்த்துச் செய்தார்கள். 1835-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டறிந்தார். இன்று பூசுவது வெள்ளி அல்லது அலுமினியம். பாதரசம் போயும் பெயர் போகவில்லை.

முதுகில் பூசினால் முன்னால் கண்ணாடியும் பின்னால் பெயின்ட்டும் காவல். காவல் இல்லாத இடம் விளிம்பு. துடைக்கத் தெளிக்கும் திரவம் வழிந்து கீழ் விளிம்பில் தங்கி உள்ளே ஊறும். அங்கிருந்துதான் கறுப்பு ஏறி ரசம் போகும். திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், கண்ணாடியில் அல்ல.

பின்பூச்சுக்கு இன்னொரு குறையும் உண்டு. கண்ணாடியின் முன்பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பும். ஆகவே மங்கலான இரண்டாவது பிம்பம் ஒன்று கூடவே வரும். முகம் பார்க்க அது பொருட்டல்ல. பல்லின் சிறு குழியைத் தேடும் மருத்துவருக்கு அது தொல்லை. அதனால் நல்ல பல் கண்ணாடிகளில் ரோடியம் என்ற உலோகம் முன்பக்கமே பூசப்படுகிறது. வெள்ளியைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பும். ஆனால் கடினமானது, கருக்காது, நீராவியில் கிருமி நீக்கினாலும் தாங்கும்.

இதே குறையைக் காருக்குள் இருக்கும் பின்நோக்குக் கண்ணாடி சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அதன் கண்ணாடி ஆப்பு வடிவில் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்திருக்கும். இரு பரப்புகளும் இணையாக இல்லாததால் இரண்டு பிம்பங்களும் வெவ்வேறு திசையில் போகும். பகலில் பூச்சின் பிரகாசமான பிம்பம் கண்ணுக்கு வரும். இரவில் அடியில் உள்ள சிறு நெம்புகோலைத் தட்டினால் கண்ணாடி சில பாகை சாயும். பூச்சு திருப்பும் ஒளி கூரைக்குப் போய்விடும், முன்பரப்பின் 4 சதவீதம் மட்டும் கண்ணை எட்டும். பின்வரும் வண்டியின் முகப்பு விளக்கு கூசாது, வண்டி தெரியும். பலர் செய்யும் தவறு: நெம்புகோலைத் தட்டியபின் 'மங்கலாக இருக்கிறதே' என்று கையால் கண்ணாடியைத் திருப்புவது. கூச்சம் அப்படியே திரும்பி வரும். பகல் நிலையில் கோணத்தைச் சரிசெய்துவிட்டு, இரவில் நெம்புகோலை மட்டும் தொடுங்கள்.

தொலைநோக்கிகளில் முன்பூச்சுதான். ஒளி கண்ணாடிக்குள் நுழையவே கூடாது. பேனா சோதனையை அங்கே செய்ய வேண்டாம். 100 நானோமீட்டர் தடிமனே உள்ள அலுமினியப் பூச்சு கீறிவிடும். தூசியைத் துணியால் துடைப்பதும் அதே கேடுதான். காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கழுவி, சாய்த்து உலரவிடுவதே வழி. 2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் அலுமினியத்துக்குப் பதில் தங்கம். தங்கம் நீல ஒளியை விழுங்கும், அகச்சிவப்பை ஏறத்தாழ முழுதும் திருப்பும்; அதற்கு வேண்டியதும் அகச்சிவப்புதான். 6.5 மீட்டர் அகலத்துக்குச் சேர்ந்து நிற்கும் 18 பெரிலியம் உலோகக் கண்ணாடிகளுக்கும் செலவான தங்கம் மொத்தம் 50 கிராமுக்கும் குறைவு.