அடிபட்ட வயிற்றில் எண்ணெய் போட்டு வழிக்காதீர்கள்

போன வாரம் வந்தவனுக்கு 11 வயது. சட்டையைத் தூக்கியதுமே விளக்கெண்ணெய் வாசனை. தொப்புளைச் சுற்றி வயிறு பளபளவென்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கபடியில் ஒருவனுடைய முழங்கால் இடது விலாவுக்குக் கீழே இடித்திருக்கிறது. ராத்திரி வயிற்றுவலி. 'குடல் ஏறியிருக்கும்' என்று காலையில் வழித்துவிடுபவரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கேயே மயங்கிவிட்டான். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. எண்ணெய் பூசிய வயிற்றோடு இந்த வருஷம் நான் பார்க்கும் மூன்றாவது பிள்ளை இவன்.

குடல் மேலே ஏறுவதும் இல்லை, தடவினால் கீழே இறங்குவதும் இல்லை. ஒரு சவ்வு அதை முதுகுப் பக்கத்துச் சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது. வாயுவாலும் அஜீரணத்தாலும் வரும் வலி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பேர் மட்டும் வழித்துவிட்டவருக்குப் போகும். "எனக்கும் எங்கம்மா இப்படித்தான் வழிச்சுவிட்டாங்க டாக்டர்" என்றார் அந்தப் பையனின் பாட்டி. அம்மா, அன்றைக்கு உங்களை யாரும் முழங்காலால் இடித்திருக்கவில்லை. கிழிந்த மண்ணீரலில் ரத்தம் உறைந்து, முழங்கால் காயத்தில் பொருக்குத் தட்டுவதுபோல, ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்?

'வெளியே ஒரு கீறல்கூட இல்லையே' என்பது அடுத்தது. பிள்ளைகளின் விலா எலும்பு வளையும், வயிற்றுத் தசையும் மெலிசு. தோல் அப்படியே இருக்க உள்ளே கிழியும். 30 கிலோ பையன் உடம்பில் மொத்தமே இரண்டேகால் லிட்டர் ரத்தம்தான். அதில் கால் பங்குக்கு மேல் போனாலும் பி.பி. விழாமல் நிற்கும், நாடிதான் முதலில் ஓடும். பி.பி. நார்மல் என்று யாரும் நிம்மதியாகிவிடக் கூடாது, இளம் டாக்டர்கள் உட்பட. இந்தப் பையன் ராத்திரியே 'இடது தோள் வலிக்குது' என்று சொல்லியிருக்கிறான். தோளில் அடியே படவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசைத் தடுப்புதான் உதரவிதானம். உள்ளே கசிந்த ரத்தம் அதை உறுத்தினால் வலி தோளில் தெரியும்.

சைக்கிள் ஹேண்டில்பார் நுனி மேல்வயிற்றில் குத்தினால் கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்போடு நசுங்கும். அன்றைக்கு விளையாடிக்கொண்டிருப்பான், மறுநாளோ அதற்கடுத்த நாளோ பச்சையாக வாந்தி எடுப்பான்.

அடிபட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனால், முகம் வெளுத்தால், வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால், சிறுநீர் சிவந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தேய்க்காதீர்கள், ஒத்தடம் வேண்டாம். சோடா, கஷாயம் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும் 'ஒருநாள் இருக்கட்டும்' என்றால் இருங்கள், பில் ஏற்றுவதற்காக யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் பயமும் வேண்டாம். ரத்த ஓட்டம் நிலையாக இருந்தால் பெரும்பாலான பிள்ளைகளின் மண்ணீரல் கத்தி படாமலே ஆறிவிடும். கிழிசல் எவ்வளவு மோசம் என்பதை ஒன்று, இரண்டு என்று தரம் பிரிப்போம். அதன்பின் ஓய்வுக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, அந்தத் தர எண்ணோடு இரண்டைக் கூட்டினால் வரும் வாரங்கள். மூன்றாம் தரம் என்றால் 5 வாரம் ஓட்டமும் இல்லை, சைக்கிளும் இல்லை.

பையன் 'அடிவயிறு வலிக்குது' என்றால் டிரவுசரைக் கழற்றியும் பாருங்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் சொல்வான், வெட்கத்தில் இடத்தைச் சொல்ல மாட்டான். அதைக் காப்பாற்ற எங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 6 மணி நேரம்.

இன்னொன்று, இது கெஞ்சல்தான். கபடிக்குப் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்ததால், இந்தப் பையன் இடிபட்டதை ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. ஐ.சி.யூ.வில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்றான். 'எங்கடா அடிபட்டுச்சு' என்று கேட்கிற அன்றைக்கு மட்டும் திட்டாதீர்கள்.