தவணை தவறாதவருக்கும் சிபில் ஸ்கோர் ஏன் இறங்குகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வரி மற்றும் கடன் ஆலோசனைப் பணியில் இருக்கும் என்னிடம், வீட்டுக்கடனோ வாகனக் கடனோ மறுக்கப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடனைக் கட்டாமல் விட்டவர்கள் அல்லர். நெய்வேலியில் நிரந்தர வேலையில் இருப்பவர், பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவர், புதுச்சேரி நேரு வீதியில் கடை வைத்திருப்பவர் எனப் பலதரப்பட்டவர்கள். "ஒரு டியூ கூட நின்றதில்லை சார், போன வருஷம் ஸ்கோர் 780க்கு மேல் இருந்தது" என்பதுதான் அவர்கள் அனைவரும் சொல்வது. அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் அவர்கள் கணக்கு வைத்திருப்பது தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் போகும் தவணைக்கு மட்டுமே. ஸ்கோர் என்ற மதிப்பெண்ணுக்கு அடிப்படையான கடன் அறிக்கையோ அவர்களுடைய பான் எண் எழுதப்பட்ட ஒவ்வொரு கடனுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. ஸ்கோர் எதிர்பாராமல் சரிவதற்கான காரணம் அநேகமாக இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில்தான் கிடைக்கிறது.

நாம் பொதுவாகச் சிபில் என்று சொன்னாலும், 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. நான்குமே 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகின்றன என்றாலும் கணக்கிடும் முறை வெவ்வேறு. எனவே கைபேசிச் செயலியில் ஒரு நிறுவனத்தின் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, வங்கி சொல்லும் இன்னொரு நிறுவனத்தின் ஸ்கோருடன் ஒப்பிட்டு "இறங்கிவிட்டது" என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

உண்மையான சரிவுக்கு வருவோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்த அவர், வீட்டை இடித்துக் கட்டக் கடன் கேட்டிருந்தார். பேருந்து நிலையம் அருகே ஒரு கணினி மையத்தில் அச்செடுத்த அறிக்கையை மேசைமேல் வைத்து, முதல் பக்கத்திலிருந்த எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டினார். நான் உள்பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு கடனுக்கும் கீழே 36 மாதங்களுக்கான சிறு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தாமதம் என்று எழுதியிருக்கும். அவருடைய பழைய வாகனக் கடனில் எல்லாக் கட்டங்களிலும் 000. அடுத்த பக்கத்தில், அவர் மறந்தே போயிருந்த ஒரு கடனில் 000, 000 என்று வந்துகொண்டிருந்த வரிசை திடீரென 030, 061, 091 என்று மாறியிருந்தது. அது மகனுடைய கல்விக்கடன். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் முடிந்து தவணை தொடங்கிவிட்டது. வங்கியில் இருந்தது மகனின் விடுதிக்கால கைபேசி எண், அதுவும் இப்போது புழக்கத்தில் இல்லை. கடிதங்கள் காலி செய்துவிட்ட பழைய குடியிருப்புக்குப் போயின. சென்னையில் வேலையில் இருந்த மகன், வங்கி கூப்பிடும் என்று இருந்துவிட்டார். மகன் கட்டிக்கொண்டிருப்பார் என்று தந்தை நினைத்திருந்தார். தந்தை இணைக் கடன்தாரர் என்பதால் அந்தத் தாமதம் இருவருடைய அறிக்கையிலும் ஒரே மாதிரி ஏறியது.

நிலுவை முழுவதையும் அந்த வாரமே கட்டினார்கள். ஆனால் அதன்பின் வரும் கட்டங்கள்தான் 000 ஆகுமே தவிர, பதிவாகிவிட்ட 091 உண்மையான பதிவு என்பதால் அழியாது. பிள்ளைகளுக்குக் கல்விக்கடன் எடுத்த பெற்றோர், படிப்பு முடிந்த உடனேயே வங்கிக் கிளைக்கு நேரில் போய்த் தவணை தொடங்கும் தேதியை எழுத்தில் வாங்கி, புதிய கைபேசி எண்ணையும் முகவரியையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஜாமீன் கையெழுத்தும் இதே வகைதான். மைத்துனரின் லாரிக் கடனுக்கோ நண்பரின் கடைக் கடனுக்கோ "சும்மா ஒரு கையெழுத்து" போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128இன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. அவர் தவணை நிறுத்தினால் அது நம் அறிக்கையிலும் தெரியும்.

நகைக்கடனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "வேறு கடன் ஏதும் உண்டா" என்று கேட்டால் இல்லை என்று உறுதியாகச் சொல்பவர், எழுந்து போகும்போது "ரெண்டு இடத்துல நகை இருக்கு சார், அவ்வளவுதான்" என்பார். நகை வங்கியின் கையில் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் நாள் தள்ளினால் வட்டி கூடும், அவ்வளவே என்பது பொதுவான எண்ணம். ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டிய கடனில் அந்தத் தேதி தாண்டினால் அதுவும் தாமதம்தான். மற்றக் கடன்களைப் போல அதுவும் அறிக்கைக்குப் போகிறது. அறுவடைப் பணம் வரட்டும் என்று இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுகிறவர்களின் ஸ்கோர், நகை ஏலத்துக்குப் போகாமலேயே சரிந்துவிடுகிறது.

கிரெடிட் கார்டில் நடப்பது வேறு. 2 லட்சம் ரூபாய் வரம்புள்ள கார்டில் கல்யாணச் செலவுக்கு 1,80,000 ரூபாய் தேய்த்துவிட்டு, கடைசித் தேதிக்குள் முழுவதையும் கட்டிவிட்டாலும், பில் போடப்பட்ட நாளில் இருந்த தொகை அறிக்கைக்குப் போயிருந்தால் வரம்பில் 90 சதவீதம் பயன்படுத்தியதாகவே தெரியும், ஸ்கோரும் இறங்கும். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது நடைமுறை. பெரிய தொகை செலவழித்தால் பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். இந்தச் சரிவு அடுத்தடுத்த மாதங்களில் தானாகவே சரியாகிவிடும் என்பதால் பதற வேண்டியதில்லை. பயன்படுத்தாமல் பெட்டியில் போட்டு வைத்த கார்டுதான் ஆபத்து. ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும் ஜிஎஸ்டி 90 ரூபாயும் சேர்ந்து 590 ரூபாய் பாக்கி நின்று, தாமதக் கட்டணம் ஏறி, கோடி ரூபாய் வரவு செலவு செய்யும் வியாபாரியின் அறிக்கையில் கறையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பழைய கார்டை எல்லாம் கோபத்தில் ரத்து செய்தால், மொத்த வரம்பு குறைந்து பயன்பாட்டுச் சதவீதம் கூடும். கட்டணமில்லாத பழைய கார்டு ஒன்றாவது இருக்கட்டும்.

கடன் ஏற்பாடு செய்யும் முகவர்கள் ஒரே விண்ணப்பத்தை ஒரே வாரத்தில் ஐந்தாறு நிறுவனங்களுக்கு அனுப்புவது இன்னொரு காரணம். ஒவ்வொரு நிறுவனமும் அறிக்கையை எடுக்கும்போது ஒரு விசாரணை பதிவாகிறது. அடுத்தடுத்துப் பதிவானால் இவருக்குப் பண நெருக்கடி என்று பொருள் கொள்ளப்படுகிறது. நாமே நம் அறிக்கையைப் பார்ப்பது இதில் சேராது. பார்த்தால் குறைந்துவிடும் என்ற பயத்தில் ஆண்டுக்கணக்கில் பார்க்காமலே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நேரத்தைப் போல, மாத முதல் வாரத்தில் கடை மூடிக் கிடந்து கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டால், நிலைமை சீரானதும் உடனே கட்டிவிட வேண்டும். புயல் அடித்த விவரம் கட்டத்தில் எழுதப்படாது. 2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள் மாதம் இருமுறையாவது தகவல் அனுப்புவதால், சிறு தாமதமும் முன்பைவிட விரைவில் தெரிந்துவிடுகிறது.

பாக்கியில் ஒரு பகுதியை வங்கி தள்ளுபடி செய்து சமரசமாக முடித்த கடன் "குளோஸ்டு" என்று பதிவாகாமல் "செட்டில்டு" என்று பதிவாகும். அடுத்த கடன் கேட்கும்போது பல வங்கிகள் தயங்குவது அதைப் பார்த்துத்தான். முடிந்தால் முழுவதையும் கட்டிப் பாக்கியில்லாச் சான்று வாங்குவதே நல்லது.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கி, எண்ணைப் பார்ப்பதற்கு முன் கடன்களின் பட்டியலைப் படியுங்கள். தந்தை பெயரை இன்ஷியலாக ஓரிடத்திலும் முழுதாக இன்னோரிடத்திலும் எழுதும் நம் வழக்கத்தால், வேறொருவர் கடன் நம் பெயரில் வந்து சேர்வதும் உண்டு. தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே கட்டணமின்றிப் புகார் பதியலாம்; கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத வேண்டும், ஏனெனில் அது ஒப்புக்கொண்டால்தான் பதிவு மாறும். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் இலவசமாக முறையிடலாம். பணம் கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்று கைபேசியில் அழைப்பவர்களிடம் பான் எண்ணையும் ஓடிபியையும் சொல்லிவிடாதீர்கள். சரியான பதிவை நீக்க அவர்களால் முடியாது, தவறான பதிவை நீக்க அவர்கள் தேவையில்லை.