ஜவ்வு கிழிந்தால் ஏன் தைப்பதில்லை?

கபடியில் ரெய்டு போனவர் ஒரு காலை ஊன்றிச் சடாரென்று திரும்புகிறார். பாதம் மண்ணிலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். யாரும் மோதவே இல்லை. சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும். உள்ளே நிறைந்திருப்பது ரத்தம்.

"ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்பார்கள். மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் இதே பேச்சுதான், அதனால் எந்த ஜவ்வு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே சொல்வது ஏசிஎல் என்கிற முன்சிலுவை லிகமெண்ட். நீளம் சுமார் 3 செ.மீ. தொடை எலும்பிலிருந்து மூட்டின் நடுவே சாய்வாக இறங்கி, கீழ்க்கால் எலும்பைப் பிடித்திருக்கும். கீழ்க்கால் முன்னால் வழுக்காமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் காப்பது இதுதான்.

அறுந்ததைத் தைத்தால் என்ன? 1895-லேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் தைத்துப் பார்த்தார். பின்னால் வந்தவர்களும் முயன்றார்கள். பலருக்குத் தையல் நிலைக்கவில்லை. தோலில் காயம் ஆற முதலில் ரத்தம் உறைய வேண்டும், அந்த உறைவைப் பிடித்துக்கொண்டுதான் புதுத் திசு வளரும். மூட்டுக்குள் சுரக்கும் திரவம் அந்த உறைவைத் தங்கவிடுவதில்லை. அறுந்த இரு முனைகளுக்கும் நடுவே பாலம் விழாது.

ஆகவே புதிதாக ஒன்றைக் கட்டுகிறார்கள். எலும்பில் துளையிட்டு வேறொரு திசுவைக் கோக்கும் வழியை 1917-ல் ஹே குரோவ்ஸ் என்ற இன்னொரு அறுவை மருத்துவர் எழுதினார். இன்று அதிகம் எடுப்பது தொடையின் பின்புறமுள்ள ஹாம்ஸ்ட்ரிங் தசைநாணை. நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னால் இழுங்கள். முழங்காலின் பின்புற உள்ளோரத்தில் கயிறு மாதிரி விறைக்கிறதே, அதுதான். அதை உருவி எடுத்து, நாலாக மடித்து, சுமார் 8 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். ஆர்த்ரோஸ்கோப் கேமராவில் பார்த்தபடியே இரண்டு எலும்பிலும் துளை போட்டு இழுப்பார்கள். மேல் முனையில் ஒரு சின்ன டைட்டானியம் பட்டன். சட்டைப் பொத்தான் மாதிரியேதான்: நீளவாக்கில் துளையைத் தாண்டி, வெளியே குறுக்காகத் திரும்பி நின்றுகொள்ளும். கீழ் முனைக்கு ஒரு ஸ்க்ரூ.

பொருத்திய நாளில் இந்த நாண் அசல் லிகமெண்டைவிடவே வலுவானது. விசித்திரம் அப்புறம்தான் தொடங்குகிறது. ரத்த ஓட்டம் அறுந்துபோனதால் அதன் செல்கள் செத்துவிடுகின்றன. மிஞ்சுவது, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி, கொலாஜன் என்ற புரத இழைகள் மட்டுமே. அதற்குள் புது ரத்தக் குழாய்களும் செல்களும் நுழைந்து, பழைய இழைகளைக் கரைத்துப் புதியவற்றை நெய்கின்றன. இந்த மராமத்து நடக்கும் இரண்டு மூன்று மாதங்களில்தான் நாண் மிகவும் பலவீனம். நோயாளிக்கோ அப்போது வலி போயிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், "எல்லாம் சரியாயிடுச்சு" என்று மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார். பிசியோதெரபிஸ்ட் அதட்டுவது சும்மா இல்லை. 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்று 2016-ல் வந்த நார்வே ஆய்வு ஒன்று காட்டியது.

சரி, உருவியெடுத்த இடம்? பலருக்கு அங்கே தசைநாண் மறுபடி முளைத்துவிடுகிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்க்கலாம். டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பல்லி வால்'.