கணுக்கால் பிசகினால் உடனே நீவி விடாதீர்கள்

நாற்பது வயதைக் கடந்த பெண் ஒருவர், மகனின் தோளைப் பிடித்தபடி எங்கள் இயன்முறை சிகிச்சை அறைக்கு வந்தார். முந்தைய நாள் பேருந்துப் படியில் இறங்கும்போது அவருடைய பாதம் உட்புறமாக மடங்கியிருக்கிறது. வீட்டார் சூடான எண்ணெய் தேய்த்து நீவி, பாதத்தை இழுத்துச் சுளுக்கும் எடுத்திருக்கிறார்கள். கொலுசு வீக்கத்துக்குள் புதைந்து கிடந்ததால் அதை வெட்டித்தான் எடுத்தோம். பாதத்தின் வெளி விளிம்பில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் உள்ள எலும்பு மேட்டைத் தொட்டதுமே அவர் காலை இழுத்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் அந்த எலும்பு முறிந்திருந்தது.

பாதம் உள்ளே மடங்கும்போது வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டோ கிழிந்தோ போகிறது. அதோடு நுண்ணிய இரத்தக் குழாய்களும் அறுபட்டு உள்ளே கசிகின்றன. அந்த நேரத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கசிவு கூடும். அழுத்தி நீவினால் அரைகுறையாகக் கிழிந்த ஜவ்வு மேலும் கிழியும். அன்போடு செய்யப்படும் வைத்தியம் என்பதாலேயே இதைத் தடுப்பது கடினமாக இருக்கிறது. முதல் 48 மணி முதல் 72 மணி நேரம் வரை சூடும் வேண்டாம், உருவி விடுவதும் வேண்டாம்.

அடிபட்டவுடன் கொலுசு, மெட்டி, செருப்பு ஆகியவற்றைக் கழற்றுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். அது வலியைக் குறைக்கும். உணர்ச்சி மரத்த பாதமுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு இதையும் தவிர்ப்பது நல்லது. க்ரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்திவிடுங்கள். படுக்கும்போது தலையணைகளை அடுக்கி, பாதத்தை நெஞ்சு மட்டத்துக்கு மேல் வையுங்கள்.

எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகளையே இன்றும் பின்பற்றுகிறோம். காலை ஊன்றி 4 அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும், கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு மொட்டுகளின் பின்விளிம்பிலோ மேலே சொன்ன எலும்பு மேட்டிலோ அழுத்தினால் வலித்தாலும் தாமதிக்காதீர்கள். மூட்டு கோணலாகத் தெரிந்தால் யாரும் இழுத்து நேராக்க முயல வேண்டாம்; இருக்கும் நிலையிலேயே அட்டை வைத்துக் கட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முறிவு இல்லை என்று உறுதியானால், வாரக்கணக்கில் படுத்திருக்கவும் தேவையில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, வலி பொறுக்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்கலாம்.