நோய்க்குறியியலா, நோயியலா?

பெரியம்மாவின் இடது கன்னத்துக்குள் ஆறாத வெள்ளைப் புண். முப்பது வருசமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் வெற்றிலை, பாக்கு, புகையிலையை அங்கேதான் அடக்கியிருப்பார். பயொப்சிக்கு, அதாவது சோதித்துப் பார்க்க, அதில் சதைத்துண்டு எடுத்த அன்று ஒரு படிவம் நீட்டினார்கள். "எஞ்சும் திசு நோய்க்குறியியல் ஆய்வுக்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தப்பட உடன்படுகிறேன்." வாசித்துக் காட்டினேன். பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது.

"குறி பாக்குறதா? ஆஸ்பத்திரியில எதுக்குய்யா குறி?"

தோட்டத்தில் குறி என்றால் கோயிலில் சாமி வந்தவர் சொல்வது. அவர் கேட்டதில் பிழையே இல்லை. பிழை படிவத்தில்தான். இந்தச் சொல்லைப் பல துண்டுப்பிரசுரங்களில் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன், இனி முடியாது.

ஆங்கிலத்தில் பெத்தொலொஜி (pathology) என்பதைத்தான் படிவம் 'நோய்க்குறியியல்' என்கிறது. அந்த ஆங்கிலச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பாதொஸ்' என்றால் துன்பம், பட்ட நோவு. 'லொகியா' என்றால் அதைப் பற்றிய அறிவு. நோய் + இயல் = நோயியல். இலங்கையில் நெடுநாளாக வழங்கும் சொல்லும் இதுதான்.

'நோய்க்குறியியல்' தமிழ்நாட்டு நூல்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. நோய்க்குறி என்றால் காய்ச்சல், வீக்கம், வலி; நோயாளி சொல்வதும் வைத்தியர் கட்டிலருகே நின்று பார்ப்பதும். நோயியலாளர் பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. அவர் முன்னால் இருப்பது இழையம், படிவம் 'திசு' என்பது. ஃபோர்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிப்பில் சீவி, கலங்களின் (செல்களின்) கருக்கள் நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் வைக்கிறார்கள். பெரியம்மாவுக்கு வலியே இல்லை; வெளியே தெரியும் புண் அது எந்த நோய் என்று சொல்லாது. குறி சொல்லாத நோயைக் கண்டுபிடிக்கிற துறைக்குக் குறியின் பெயரை வைப்பது எப்படிப் பொருந்தும்?

நோய் இழையத்தில் விட்ட தடயமும் குறிதானே என்பார்கள். அப்படியானால் நோயாளி உணரும் குறிக்கு வேறு சொல் தேடவேண்டும். ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் அகப்படுவது நோயாளிதான். 'நோயியல்' மருத்துவம் முழுவதையும் குறித்துவிடும் என்ற வாதமும் உண்டு. கிரேக்கச் சொல்லும் அவ்வளவு அகலமானதுதான், வழக்கில்தான் ஒடுங்கியது. 1858இல் ஜேர்மன் வைத்தியர் ருடோல்ஃப் விர்ஹோ, நோயைக் கலத்தில் தேடவேண்டும் என்று பேர்லினில் விரிவுரை செய்தபோது பெயரை மாற்றவில்லை, பார்வையைத்தான் மாற்றினார். சித்த மருத்துவத்தின் 'நோய்நாடல்' அழகான சொல். ஆனால் அது நாடியும் நாவும் விழியும் பார்த்து நோயறிவது. அதை இங்கே இழுத்தால் இரண்டுக்கும் நட்டம்.

ஆராய்ச்சியில் இந்தத் துறையின் வேலை என்ன என்று அந்தப் படிவம் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். இது புற்று, இது புற்றல்ல, இது புற்றுக்கு முந்திய நிலை என்று நோயியலாளர் பிரித்துக் கொடுக்காவிட்டால் ஆராய்ச்சியாளர் எதை எண்ணுவார்? கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து வெட்டியெடுத்த இழையத்தில் ஜேர்மன் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர் 1983இல், அந்தப் புற்றை உண்டாக்கும் பப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையைக் கண்டார்கள். 2008இல் அவருக்கு நோபல் பரிசு. அந்த வழியில் பிறந்த தடுப்பூசியைத்தான் 2017 முதல் நம் பாடசாலைகளில் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். யாரோ ஒரு பெண்ணின் சதைத்துண்டில் தொடங்கிய கதை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள கோபம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அந்தப் படிவத்தில் மேலே 'திசு', கீழே 'இழையம்'. ஒரு வரியில் 'செல்', அடுத்த வரியில் 'கலம்'. இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளை படித்தது இழையமும் கலமும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். உரக்க வாசித்து, தோட்டத்து லய வீடுகளில் ஒருவருக்குப் புரிகிறதா என்று கேட்டிருந்தால் அரை மணித்தியாலம் போயிருக்கும். கையெழுத்து வாங்குகிற தாளுக்கு அந்த அரை மணித்தியாலம் கூடவா இல்லை?

நான் படிவத்தை மடித்துவிட்டுச் சொன்னேன்: "பெரியம்மா, வாயில எடுத்த சதைய மெழுகுல வச்சி, நோய் இருக்கான்னு பாப்பாங்க. அதுதான் நோயியல். மிச்சத்த எடுத்து வச்சி, இந்த நோய் ஏன் வருதுன்னு பின்னால படிப்பாங்க."

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அது எத்தன வருசம் கெடக்கும்?"

பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, அதாவது தாதி, சொன்னார்: "பல வருசம் வைக்கலாம் அம்மா."

"அப்ப வச்சிக்கட்டும்" என்று பேனாவைக் கேட்டார்.