"எதையும் வெளியில காட்டிக்க மாட்டான்"

"என் பையன் எதையும் வெளியில காட்டிக்க மாட்டான் மேடம். அவ்வளவு பக்குவம்."

கல்லூரியில் கவுன்சிலராக இருக்கும் என்னிடம், இந்த செமஸ்டரில் மட்டும் இப்படிச் சொல்லும் ஐந்தாவது அப்பா. பையன் பக்கத்தில் குனிந்தபடி மெஸ் டோக்கன் புத்தகத்தின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தான். மாதக் கடைசி, பாதி டோக்கன் கிழிக்கப்படாமல் இருந்தது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

அடக்கி வைப்பது பக்குவம் இல்லை. இதை எத்தனை முறைதான் சொல்வது! 1990இல் உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் உணர்வுசார் நுண்ணறிவு பற்றி எழுதியபோதே, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் இனம் காண்பதைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். உள்ளே இருப்பது கோபமா, பயமா, அவமானமா என்று தெரிந்தால்தானே அதைச் சமாளிக்க முடியும்? நாமோ "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று மூன்று வயதிலேயே வாயை அடைத்துவிடுகிறோம். பத்தொன்பது வயதில் என்ன கேட்டாலும் "நார்மல் மேடம்" என்கிறான். அந்த 'நார்மல்' காதில் விழுந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அவனுக்கு மூன்று அரியர். வீட்டுக்குத் தெரியாது. தினமும் இரவு போன் மட்டும் தவறாமல் வரும். "சாப்டியா?" "சாப்டேன்." "படிக்கிறியா?" "படிக்கிறேன்." அவ்வளவுதான்.

சமூக ஆதரவை அளக்க 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். 'குடும்பத்தார் எனக்கு உதவ முயல்கிறார்கள்' என்பதற்கு 7 போட்டான். 'என் பிரச்சினைகளைக் குடும்பத்தாரிடம் பேச முடியும்' என்பதற்கு 1. இரண்டுமே உண்மை. அப்பா கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறார். அதனாலேயே அவரிடம் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

பெற்றோரே, மார்க்கைக் கடைசியில் கேளுங்கள். பிள்ளை பேசத் தொடங்கினால் "இதுக்கெல்லாமா?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் நடிப்பு என்று நினைக்காதீர்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தம்பி, தங்கைகளே, நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பை விடுங்கள். ரூமில் ஒருவரிடம் "மூணு அரியர்டா" என்று சொல்ல முடிகிறதா? அங்கிருந்து தொடங்குங்கள்.

பேராசிரியர்களுக்கும் ஒன்று: வகுப்பு நடுவில் "நீ போய் கவுன்சிலரைப் பாரு" என்று அறிவிக்காதீர்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒருவர்கூட என் கதவைத் தட்டியதில்லை. என் அறையை ஜெராக்ஸ் கடைப் பக்கம் மாற்றச் சொல்லி ஒரு மாணவிதான் யோசனை சொன்னாள்: "ஜெராக்ஸ் எடுக்க வந்தேன்னு சொல்லிக்கலாம்ல மேடம்." எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. அந்த ஃபைல் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறது.