டிராஃப்ட்: ‘வரைவு’ அல்ல, ‘முறைத்தெரிவு’

தமிழ்நாட்டில் ‘டிராஃப்ட் எடுத்தாச்சா?’ என்று யாராவது கேட்டால் நமக்கு நினைவு வருவது வங்கிக் கவுன்டர். அலுவலகத்தில் அதே சொல் திருத்தத்துக்குக் காத்திருக்கும் கடிதத்தைக் குறிக்கும். வங்கிக்கு ‘வரைவோலை’, கடிதத்துக்கு ‘வரைவு’ என இரண்டுக்கும் பொருத்தமான சொற்கள் உண்டு. சிக்கல் அமெரிக்கக் கால்பந்துச் செய்தியில்தான். அங்கே தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை ஒவ்வொன்றாக முறைவைத்து எடுத்துக்கொள்வதற்கும் ‘டிராஃப்ட்’ என்றே பெயர். ‘லயன்ஸ் அணி அவரை முதல் சுற்றில் வரைவு செய்தது’ என்று எழுதினால், படிப்பவருக்கு அவரை எங்கே எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘டிரா’, ‘டிராக்’, ‘டிராஃப்ட்’ மூன்றும் இழுத்தல் என்ற பொருளுள்ள ஒரே பழைய வினையிலிருந்து பிறந்தவை. வண்டி இழுக்கும் குதிரை, பீப்பாயிலிருந்து இழுத்துப் பிடிக்கும் பீர், தாளில் இழுக்கும் கோடு எல்லாம் ஒரு குடும்பம். நாம் ‘இழு’வையும் ‘வரை’யையும் தனித்தனியாக வைத்திருக்கிறோம், கோடு சம்பந்தப்பட்ட பொருளுக்கு மட்டுமே ‘வரைவு’ பொருந்தும். விளையாட்டுக்கு வந்தது வேறு கிளை. பெரிய கூட்டத்திலிருந்து சிலரைப் படைக்கு இழுத்தெடுப்பது என்ற பொருள் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல், கட்டாய ஆள்சேர்ப்புக்கு இந்தப் பெயர்தான். அதை எதிர்த்து அந்த ஆண்டு நியூயார்க்கில் பெருங்கலவரமே நடந்தது.

அந்தக் கட்டாயத்தின் வாசம் விளையாட்டிலும் போகவில்லை. கல்லூரி ஆட்டக்காரர் தன் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை; அணிதான் அவரை எடுக்கிறது. எடுத்த அணி மட்டுமே அவரோடு ஒப்பந்தம் பேசலாம். 1983இல் ஜான் எல்வேயும் 2004இல் ஈலை மேனிங்கும் தங்களை எடுத்த அணிக்கு ஆட மறுத்து, வேறு அணிக்கு மாற்றப்பட்டார்கள். அப்படிச் செய்ய முடிந்தவர்கள் மிகச் சிலர்.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் என்.எஃப்.எல். கூட்டமைப்பில் இம்முறையை 1935இல் முன்மொழிந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் முடித்த அணி முதலில் எடுக்கட்டும் என்றார் பெல். அந்த ஆண்டு கடைசியில் முடித்தது அவருடைய அணிதான்! 1936 பிப்ரவரி 8 அன்று முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஏலம்’ ஆகாது, ஐ.பி.எல்.லில் நடப்பது ஏலம், அங்கே பணம் பேசும், இங்கே விலை கேட்பதே கிடையாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் ‘குடவோலை’ குலுக்கலுக்குப் பொருந்தும். 1969 டிசம்பரில் வியட்நாம் போருக்கு ஆளெடுக்கக் கண்ணாடி ஜாடியிலிருந்து பிறந்தநாள் சீட்டுகளை எடுத்தார்களே, அது அசல் குடவோலை. என்.எஃப்.எல்.லில் குலுக்கல் இல்லை. நம் தெருப்பிள்ளைகளின் ‘உத்தி பிரித்தல்’ சற்று நெருங்கி வருகிறது: இரு தலைவர்கள், மாறி மாறி முறை. ஆனால் அதில் யார் எந்தப் புனைபெயரில் வந்திருக்கிறார் என்று தெரியாமல் கேட்கிறோம்.

‘வரைவு’க்கும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். அக இலக்கணத்தில் வரைவு என்றால் திருமணம். ஒருவரைத் தனக்கே உரியவராக வரைந்துகொள்ளுதல். தனியுரிமை என்ற கருத்து அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் இன்றைய காதுக்கு அந்தப் பொருள் எட்டாது. ஆகவே ‘முறைத்தெரிவு’. ‘இப்ப உன் முறை’ என்கிறோமே, அந்த முறை. அணியின் கையில் உண்மையில் இருப்பதும் ஆட்டக்காரர் அல்ல, முறைதான்.

முறைகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், ஆகவே முறைக்கு விலை உண்டு. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணி உருவாக்கிய புள்ளி அட்டவணைப்படி முதல் முறை 3000, 2ஆவது 2600, 7ஆவது 1500, 32ஆவது 590. 32 அணிகள், 7 சுற்றுகள். தோற்றுத் தவிக்கும் அணிக்கு மேல்வரிசை முறைகள் கிடைக்கின்றன. அவற்றைக் களத்தில் எந்த இடத்து ஆளுக்குச் செலவிடுவது என்பதில்தான் பாதி அணிகள் சறுக்குகின்றன.

முதல் விதி: மார்ச்சில் கடையில் கிடைப்பதற்கு ஏப்ரல் முறைத்தெரிவின் முதல் முறையைச் செலவழிக்காதே. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களின் சந்தை மார்ச்சில் திறக்கிறது. காவல் வரிசையின் உட்புறம் நிற்கும் கார்டு, தடுப்பில் பின்களத்தைக் காக்கும் சேஃப்டி, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், தடுப்பின் நடுவில் நிற்கும் லைன்பேக்கர் ஆகியோர் அங்கே ஓரளவு நியாயமான விலைக்கு வருவார்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் நல்ல குவாட்டர்பேக், அவரைக் காக்கும் ஐவரில் ஓரத்தில் நிற்கும் டாக்கிள், எதிரணிக் குவாட்டர்பேக்கை ஓரத்திலிருந்து பாய்ந்து வீழ்த்தும் எட்ஜ் ரஷர், எதிரணியில் பந்து பிடிப்பவரை மறிக்கும் கார்னர்பேக் ஆகிய நால்வரும் தங்கள் அணியைவிட்டு வெளியே வருவது அரிது. இவர்கள் கிடைக்கும் வாசல் முறைத்தெரிவுதான். விலையும் இதையே சொல்கிறது. 2011 முதல் புதுமுகச் சம்பளம் எடுக்கப்பட்ட வரிசை எண்ணைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது அல்ல. 2010இல் முதலில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டு கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி. அதே தொகைக்குக் குவாட்டர்பேக் கிடைத்தால் கொள்ளை மலிவு, ரன்னிங் பேக் கிடைத்தால் சந்தை விலை.

வேலை வரிசை இப்படி: 53 பேர் பட்டியலை எடுத்து, இவ்வாண்டும் அடுத்த ஆண்டும் ஒப்பந்தம் முடிபவர்களைக் குறிக்க வேண்டும். பல அணிகள் இவ்வாண்டின் ஓட்டையை மட்டும் பார்க்கும். அடுத்த ஆண்டு டாக்கிள் போய்விடுவார் என்பது கண்ணில் படாது. பிறகு சந்தையில் எதை அடைக்கலாம் என்று பார்த்து அடைப்பது. அதற்குப் பிறகுதான் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தர அடுக்குகளாகப் பிரிப்பது. ஒரே அடுக்கில் இருவர் இருந்தால் தேவை முடிவு செய்யட்டும். வேறு வேறு அடுக்கென்றால் மேல் அடுக்கு. தேவைக்காகக் கீழ் அடுக்கு ஆளை முந்தி எடுப்பதுதான் பெரும்பாலான வீணான முறைகளின் கதை. ஓர் இடத்தில் அவ்வாண்டு ஆள் நிறைய இருந்தால் இரண்டாம், மூன்றாம் சுற்று வரை பொறுக்கலாம்.

குவாட்டர்பேக் முதலா, அவருக்குக் காவல் முதலா? 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் முதல் முறையில் குவாட்டர்பேக் டேவிட் காரை எடுத்தது. காவலுக்கு நம்பிய டாக்கிள் டோனி பொசெல்லி காயத்தால் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அந்தப் பருவத்தில் கார் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அது இன்றும் சாதனை எண். எதிர்ச்சான்றும் உண்டு. 2021இல் சின்சினாட்டி பெங்கால்ஸ், முழங்கால் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த குவாட்டர்பேக் ஜோ பரோவுக்குக் காவலரை எடுக்காமல், 5ஆவது முறையில் பந்து பிடிக்கும் ஜமார் சேஸை எடுத்தது. பரோ அடி வாங்கினார், அணி சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டம் வரை போனது, அங்கேயும் 7 முறை வீழ்த்தப்பட்டுத் தோற்றது. மறு மார்ச்சில் காவலர் மூவரைச் சந்தையில் வாங்கியது. ஆகவே டாக்கிள் முதலில் என்பது விதியல்ல; குவாட்டர்பேக் ஏற்கெனவே கையில் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

இல்லையென்றால் அவசரப்பட்டு மேலேறுவதும் ஆபத்து. 2023இல் கரோலைனா பேந்தர்ஸ் 9இலிருந்து முதல் முறைக்குத் தாவியது. கொடுத்த விலையில் அடுத்த ஆண்டின் முதல் சுற்று முறையும், தன் சிறந்த பந்து பிடிப்பவர் டி.ஜே. மூரும் அடக்கம். 2 வெற்றி, 15 தோல்வி. அப்படித் தோற்றுச் சம்பாதித்த 2024இன் முதல் முறை சிகாகோ பேர்ஸுக்குப் போனது.

டெட்ராய்ட் லயன்ஸ் இரண்டு பாடமும் தரும். 2003, 2004, 2005 மூன்று ஆண்டும் முதல் சுற்றில் பந்து பிடிப்பவரையே எடுத்தார்கள். வீசுபவருக்கு நேரம் வாங்கித்தர ஆளில்லை. 2008இல் 16 ஆட்டத்திலும் தோல்வி. 2021இல் 7ஆவது முறையில் டாக்கிள் பெனே சூவெல், அடுத்த ஆண்டு 2ஆவது முறையில் எட்ஜ் ரஷர் ஏடன் ஹட்சின்சன். பந்து பிடிக்கும் அமோன்-ரா செயின்ட் பிரவுனை 2021இல் 112ஆவதாக, நான்காம் சுற்றில்தான் எடுத்தார்கள். 2023இல் 12 வெற்றி. ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸை 12ஆவதாக எடுத்தது அதே ஆண்டுதான், காவல் வரிசை தயாரான பிறகு.

அந்த வரிசையை மாற்றிச் செய்ததுதான் நியூயார்க் ஜயன்ட்ஸ். 2018இல் 2ஆவது முறையில் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியை எடுத்தது. வழி திறந்துவிடக் காவலர் இல்லை. ரன்னிங் பேக்கின் நல்ல ஆண்டுகள் குறைவு, அணி எழுந்து நிற்பதற்குள் அவை கழிந்துவிடும். ஈகிள்ஸுக்குப் போன 2024இல் அவர் 2,005 கெஜம் ஓடினார்.

இனி கிளைச்சொற்கள். முறைத்தெரிவு நிலைத்தால் மற்றவை தானே வரும்: முதல் சுற்று முறை, முறைமாற்று, தேவைக்காகத் தகுதியை மீறி எடுப்பதற்கு முந்தியெடுப்பு, நிபுணர்கள் முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பதற்கு ஒத்திகைத் தெரிவு. ஏழு சுற்றிலும் பெயர் வராதவருக்குத் ‘தேர்வாகாதவர்’ வேண்டாம். தேர்வில் தோற்றவர் போலாகிவிடும். ‘தெரிவுறாதவர்’ போதும். அவர் விரும்பிய அணியோடு பேசலாம், கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு இல்லாத சுதந்திரம் அது.